முன்கட்டுச் சொல்

குற்றாலம்
வெகுதானிய வருஷம், ஆடி 13

மதினிக்குக் குருவம்மாள் எழுதுகிறது.

குழலு இனிமேல் தென்காசிக்கு வரமாட்டாள். திங்கட்கிழமை வேல்சாமியின் ஜட்காவை அனுப்பவேண்டாம். உங்கள் தம்பி மலைத்தோட்டத்திலிருந்து நாளைக்குத்தான் இறங்குவார்கள். அவர்களைக் கேட்டுக்கொண்டு எழுதலாம் என்று பார்த்தேன், மனசு பொறுக்கவில்லை. பெற்றவள் நான். இவ்வளவு சொல்லக்கூட எனக்கு உரிமை இல்லையா?

நடந்ததைச் சொல்லுகிறேன். ஆடி அமாவாசைக்கு லீவு என்று பிள்ளை வந்தாள். விரதச் சமையல் செய்து, வாழைக்காய்ப் பொரியலும் பாயசமும் அவளுக்குப் பிடிக்குமே என்று கூடக்கூட வைத்தேன். நன்றாகத்தான் சாப்பிட்டாள். கை கழுவிவிட்டு அடுப்படி வாசலில் வந்து நின்றாள். இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு, பள்ளிக்கூடத்து இன்ஸ்பெக்டரம்மாள் முன்னால் நிற்கிற மாதிரி விறைப்பாக நின்று, “ரொம்ப நன்றி அம்மா” என்றாள்.

கரண்டியைக் கீழே போட்டுவிட்டேன் மதினி. “என்னட்டி சொன்ன?” என்று கேட்டேன். “நன்றி சொன்னேம்மா. அத்தை வகுப்புல எல்லாரையும் வீட்ல சொல்லச் சொன்னாவ” என்றாள்.

நீங்கள் இந்த வீட்டில் பிறந்தவர்கள். சாரல் காலத்தில் முன்கட்டை வாடகைக்கு விடுகிறது உங்களுக்குத் தெரியாததல்ல. மதுரையிலிருந்தும் தூத்துக்குடியிலிருந்தும் குடும்பம் குடும்பமாக வருகிறார்கள். என் கையால் குழம்பு வாங்கிச் சாப்பிடுகிறார்கள். அவர்கள் பிள்ளைக்கு வயிறு சரியில்லை என்றால் நான் ஓமம் வறுத்துக் கொடுக்கிறேன். அக்கா தங்கை மாதிரி பழகுகிறோம். ஒருநாள் காலையில் படுக்கையைச் சுருட்டி வண்டியில் ஏற்றிவிட்டு, “ரொம்ப நன்றிம்மா” என்கிறார்கள். அதோடு சரி. அடுத்த சாரலுக்கு வேறு முகம். அந்தச் சொல்லைக் கேட்டவுடன் நான் வாரியலை எடுத்துக்கொண்டு முன்கட்டைப் பெருக்கப் போவேன். இத்தனை வருஷமாக அதுதான் எனக்கு அந்தச் சொல்லுக்கு அர்த்தம்.

அதை என் வயிற்றில் பிறந்தவள் என் அடுப்படியில் நின்று சொல்லுகிறாள்.

நீங்கள் தனியாக இருக்கிறீர்களே, துணைக்கு ஒரு பிள்ளை இருக்கட்டும், அவளுக்கும் நாலெழுத்து கூடுதலாக வரும் என்றுதான் கொடுத்தேன். விருந்தாளியாக்கித் திருப்பி அனுப்புவீர்கள் என்று நினைக்கவில்லை. படித்தது போதும்.

குருவம்மாள்


தென்காசி
1938 ஆகஸ்டு 2

குருவம்மாவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. ஒரு சொல்லுக்காக ஐந்தாம் வகுப்புப் பிள்ளையின் படிப்பை நிறுத்துகிற தாயை நான் இப்போதுதான் பார்க்கிறேன். வாசித்தவுடன் சிரிப்பு வந்தது. பிறகு சிரிப்பு வரவில்லை.

அந்தப் பாடத்தை நான் ஏன் ஆரம்பித்தேன் என்று நீ கேட்கவே இல்லை. போன வருஷம் என் வகுப்பில் ஒரு பிள்ளை பாவாடை கிழிந்துபோய் மூலையில் நின்று அழுதாள். மற்றதுகளெல்லாம் சுற்றி நின்று சிரித்தன. மனக்கணக்கு கேட்டால் மணி மணியாகச் சொல்லுகிற பிள்ளைகள். பக்கத்தில் அழுகிறவளை என்னவென்று கேட்கத் தெரியவில்லை. எனக்கு அன்றைக்கு வெறுத்துப்போய்விட்டது. இவ்வளவு நாள் என்னத்தைக் கற்றுக்கொடுத்தேன் என்று இருந்தது. அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமை கடைசி மணியில் புத்தகத்தை மூடச் சொல்லிவிடுவேன். ஒவ்வொருத்தியும் எழுந்து நின்று மூன்று கேள்விக்குப் பதில் சொல்லவேண்டும். இந்த வாரம் எதில் சந்தோஷப்பட்டாய்? யாருக்கு நன்றி சொல்லவேண்டும்? யாருக்கு உன்னால் ஆன உபகாரம் செய்தாய்?

முதலில் வாயே திறக்கமாட்டார்கள். பிறகு பார்க்கவேண்டுமே! ராபியா என்று ஒரு பிள்ளை, குழலுவுக்குப் பக்கத்தில் உட்காருகிறவள். “எங்க வாப்பா கொழும்புலேர்ந்து வந்துட்டாவ டீச்சர், அதான் சந்தோஷம்” என்று சொல்லிவிட்டு ஓவென்று அழுதாள். எல்லாப் பிள்ளைகளும் அவளோடு சேர்ந்து அழுதன. நானுந்தான். அந்த வாரத்திலிருந்து என் வகுப்பில் அழுகிற பிள்ளையைப் பார்த்து யாரும் சிரிப்பதில்லை.

அமாவாசைக்கு வீட்டில் தாயிடம் நன்றி சொல்லிவிட்டு வரச் சொன்னது நான்தான். மறைக்கவில்லை. ராபியாவின் உம்மா பள்ளிக்கூட வாசலுக்கே வந்து, “எம் மவ சொன்ன சொல்லு எனக்குப் பெருநாள் மாதிரி இருந்துச்சு டீச்சரம்மா” என்றாள். நீ கரண்டியைக் கீழே போட்டிருக்கிறாய்.

துணைக்கு ஒரு பிள்ளை கொடுத்தேன் என்று எழுதியிருக்கிறாயே, அது எனக்குச் சுருக்கென்றது. வெள்ளைச் சேலை உடுத்தவள்தானே, எதை எழுதினாலும் வாங்கிக்கொள்வாள் என்று நினைத்தாயா? அந்தப் பிள்ளைக்குத் தலை பின்னி, ஜுரம் வந்தால் மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தது துணைக்காக அல்ல.

அவள் இடம் பெஞ்சியில் காலியாகக் கிடக்கிறது. அனுப்பிவிடு.

உலகம்மாள்


குற்றாலம்
ஆடி 22

மதினிக்கு,

நீங்கள் கோபப்பட்டு எழுதினதை உங்கள் தம்பியிடம் காட்டவில்லை. அவர்கள் உங்கள் பக்கம்தான் பேசுவார்கள். அவர்களுக்கு அக்காள் சொன்னால் வேதம்.

ராபியாவின் உம்மாவுக்குப் பெருநாள் மாதிரி இருந்ததென்றால் இருக்கும். அவள் பிள்ளை ராத்திரியானால் அவள் பாயில் படுக்கிறது. பக்கத்தில் படுக்கிற பிள்ளை சொன்னால் அது விளையாட்டு. மாதம் ஒரு தடவை வந்து போகிற பிள்ளை சொன்னால் அது விடைபெற்றுக்கொள்கிறது. டீச்சர் படிப்புப் படித்த உங்களுக்கு இது தெரியாமல் போனதே என்றுதான் எனக்கு வருத்தம். எனக்கு ஐந்தாம் வகுப்பு எழுத்துத்தான். இதற்குமேல் விளக்கிச் சொல்லத் தெரியவில்லை.

குழலு நன்றாக இருக்கிறாள். நன்றாகக் கூத்தடிக்கிறாள். இன்றைக்கெல்லாம் சாரல் விட்டபாடில்லை. முன்கட்டில் குடியிருக்கிறவர்களின் சின்னப் பிள்ளை குளிரில் வெடவெடத்தது என்று தன் கம்பளியைக் கொண்டுபோய்ப் போர்த்திவிட்டு வந்து நிற்கிறாள். “ஏட்டி, நீ எதைப் போத்துவ?” என்றால், “வெள்ளிக்கிழமை வகுப்புல சொல்லணும்லா” என்கிறாள். வெள்ளிக்கிழமையும் இல்லை, வகுப்பும் இல்லை என்று எப்படிச் சொல்லுவது? என் முந்தானையைப் பிரித்துப் போர்த்தி வைத்திருக்கிறேன். எனக்குத் தலையில் அடித்துக்கொள்வதா சிரிப்பதா என்று தெரியவில்லை. நீங்கள் பார்த்திருந்தால் பெருமைப்பட்டிருப்பீர்கள். அது எனக்குத் தெரியும்.

அந்தச் சொல் மட்டும் இந்த வீட்டில் கூடாது என்று சொல்லிவிட்டேன். சரிம்மா என்றாள்.

ஆவணி பிறக்கட்டும், பார்க்கலாம். நான் ஒரேயடியாக முடியாது என்று சொல்லவில்லை. கொஞ்ச நாள் என்னிடம் இருக்கட்டும் மதினி. எனக்கு என் பிள்ளை வேண்டும்.

குருவம்மாள்


தென்காசி
1938 ஆகஸ்டு 22

குருவம்மாவுக்கு,

நேற்று நான் வந்துவிட்டுப் போனதைப் பற்றித் தம்பிக்கு எழுதவில்லை. உனக்குத்தான் எழுதுகிறேன்.

என்னை முன்கட்டில் உட்கார வைத்தாய். அங்கே குடியிருந்தவர்கள் அருவிக்குப் போயிருந்தார்கள். அவர்கள் பாயை நகர்த்திவிட்டு, “இங்கன இருங்க மதினி, காப்பி கொண்டாறேன்” என்றாய். அந்த வீட்டில் நான் தவழ்ந்திருக்கிறேன். தாலியறுத்துத் திரும்பி வந்தபோதுகூட என்னை யாரும் முன்கட்டில் நிறுத்தவில்லை. நேரே உள்ளே கூட்டிக்கொண்டு போனார்கள். நேற்று நீ நிறுத்தினாய்.

பிள்ளை எங்கே என்றேன். உறங்குகிறாள் என்றாய். பகல் பொழுதில் குழலு உறங்குகிற பிள்ளையா? எழுப்பேன், ஒரு தடவை முகத்தைப் பார்த்துவிட்டுப் போகிறேன் என்றேன். “இப்பத்தான் கண்ணசந்தா” என்றாய். உள்ளேயிருந்து நிலவேம்புக் கஷாய வாசனை வந்தது. யாருக்கு என்று கேட்டேன். முன்கட்டுக்காரர் பிள்ளைக்கு என்றாய். காப்பியை அப்படியே வைத்துவிட்டேன்.

எழுந்து வரும்போது உன்னிடம் என்ன சொல்லிவிட்டு வருவதென்று தெரியாமல் நின்றேன். அந்த இடத்தில் நின்றால் அந்த ஒரு சொல்தான் வாயில் வருகிறது. நாக்கைக் கடித்துக்கொண்டேன். “போயிட்டு வாரேன்” என்று சொல்லவும் வாய் வரவில்லை. அதைச் சொன்னால் வா என்று நீ சொல்லவேண்டுமே. அப்படியே வண்டியில் ஏறிவிட்டேன்.

வேல்சாமி திரும்பிப் பார்த்து, “என்ன டீச்சரம்மா, பாப்பா வரலியா?” என்று கேட்டான். வண்டியை ஓட்டு என்றேன்.

என்மேல் இருக்கிற கோபத்தைப் பிள்ளைமேல் காட்டாதே. அவளை இங்கே அனுப்பவேண்டாம், சரி. அங்கேயே பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிடு. படிக்கிற பிள்ளை. அவளைப் பார்க்க மட்டும் என்னை விடு. உன்னைக் கெஞ்சித்தான் கேட்கிறேன்.

உலகம்மாள்


தென்காசி
1938 செப்டம்பர் 16

குருவம்மா,

குழலுவின் காரியங்களெல்லாம் முடிந்துவிட்டன. இனி எழுதலாம் என்று உட்கார்ந்தேன்.

வேல்சாமி வகுப்பு வாசலில் வந்து நின்று துண்டை வாயில் பொத்திக்கொண்டு அழுதான். வகுத்தல் கணக்கு போட்டுக்கொண்டிருந்தேன். சாக்குக்கட்டியைக் கையில் பிடித்துக்கொண்டே வண்டியில் ஏறியிருக்கிறேன், குற்றாலம் வந்து இறங்கும்போதுதான் பார்த்தேன். பிள்ளையின் முகத்தைப் பார்க்கவிட்டார்கள். நீ என் முகத்தைப் பார்க்கவில்லை.

அன்றைக்கு அந்தக் கஷாயம் யாருக்கு, குருவம்மா?

விட்டு விட்டு வருகிற முறைக்காய்ச்சல் என்று சொல்லுகிறார்கள். கொயினா மருந்து கொடுத்தார்களாம், வயிற்றில் தங்கவில்லையாம். டாக்டர் வருவதற்குள் பிதற்றல் கண்டுவிட்டதாம். எல்லாம் ஊரார் வாயால் எனக்குத் தெரியவேண்டியிருக்கிறது. நடந்து வந்தாலும் பொழுது சாய்வதற்குள் வந்து சேருகிற தூரம். ஒரு வாய்ச்சொல் சொல்லி அனுப்பியிருந்தால் நான் ஓடி வந்திருக்கமாட்டேனா? திருநெல்வேலிக்குத் தூக்கிக்கொண்டு போயிருக்கமாட்டேனா? பாவி, என்ன காரியம் செய்தாய்? எழுதக்கூடாது என்று நினைத்தேன், எழுதிவிட்டேன். கிழித்துப் போடமாட்டேன். நீ வாசி.

போன வெள்ளிக்கிழமை கடைசி மணி அடித்தது. பிள்ளைகள் தாங்களாகவே புத்தகத்தை மூடிவிட்டு என் முகத்தைப் பார்த்தன. எந்தக் கேள்வியைக் கேட்பேன்? எதில் சந்தோஷப்பட்டாய் என்றா? மேசையைப் பிடித்துக்கொண்டேன். ராபியா எழுந்து வந்து என் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு, “நீங்க உக்காருங்க டீச்சர்” என்றாள். பெரிய டீச்சரிடம் போய், இனி அந்த மணிக்கும் கணக்கே போடுகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அந்தப் பாடம் போதும். அதைக் கற்றுக்கொடுக்கிற யோக்கியதை எனக்கு இல்லை.

உலகம்மாள்


குற்றாலம்
புரட்டாசி 9

மதினிக்கு,

கஷாயம் குழலுவுக்குத்தான்.

நீங்கள் வந்த அன்றைக்கு அவளுக்கு இரண்டாம் முறை குளிர் வந்து அடங்கியிருந்தது. உங்களை உள்ளே விட்டால் நீங்கள் அவளைத் தூக்கிக்கொண்டு போய்விடுவீர்கள். நீங்கள் எழுதியிருக்கிற மாதிரியே, மடியில் போட்டுக்கொண்டு போய்விடுவீர்கள். தேறினதும் என்னிடமே இருப்பாள், அதற்குப் பிறகு மதினியைக் கூப்பிடலாம் என்று நினைத்தேன். ஊரில் எத்தனை பிள்ளைகளுக்கு வருகிறது, போகிறது. எனக்கு இப்படி ஆகுமென்று யார் சொன்னார்கள்? பாவி என்று எழுதியிருக்கிறீர்கள். சரி. உங்கள் தம்பியும் அதைத்தான் சொன்னார்கள். அவர்கள் வாயைத் திறந்து சொல்லவில்லை, அவ்வளவுதான்.

இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. உங்களிடம் சொல்லவேண்டும்.

கடைசி நாள்களில் நான் கஞ்சித் தண்ணீரை வாயில் ஊற்றுவேன். ஒரு மிடறு குடித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்ப்பாள். உதடு பிரியும். ஏதோ சொல்லப்போகிற மாதிரி இருக்கும். உடனே நினைவு வந்துவிடும் போல, வாயை மூடிக்கொள்வாள். ஒவ்வொரு தடவையும் மூடிக்கொண்டாள் மதினி. நான் கூடாது என்று சொல்லிவைத்ததல்லவா? சொன்ன சொல்லைத் தட்டாத பிள்ளை. “சொல்லுட்டி, என்ன வேணும்னாலும் சொல்லு” என்று கத்தினேன். தலையை மட்டும் ஆட்டினாள்.

சொன்னால் போய்விடுவாள் என்று பயந்தேன். சொல்லாமலே போய்விட்டாள்.

எனக்கு ஒன்று தெரியவேண்டும். உண்மையை எழுதுங்கள். எனக்காக ஒளித்து எழுதவேண்டாம். வெள்ளிக்கிழமைகளில் அவள் எழுந்து நின்று என்ன சொல்லுவாள்? என் பேரை ஒரு வாரமாவது சொல்லியிருக்கிறாளா? உங்கள் வீட்டிலேயே இருந்து அவள் உங்கள் பிள்ளையாகிவிட்டாளா, இல்லை, கடைசிவரைக்கும் என் பிள்ளையாகத்தான் இருந்தாளா? இது தெரியாமல் எனக்குச் சோறு இறங்கவில்லை.

குருவம்மாள்


தென்காசி
1938 செப்டம்பர் 30

குருவம்மா,

ஒளிக்காமல் எழுதுகிறேன்.

எதில் சந்தோஷம் என்று கேட்டால் வாராவாரம் அவள் சொல்லுகிறது ஒன்றே ஒன்றுதான். “ஊருக்குப் போவேம்லா, அதான்.” அது வரப்போகிற சந்தோஷம், நடந்ததைச் சொல்லு என்று நான் திருத்துவேன். கொஞ்சநேரம் யோசித்துவிட்டு, சாரல் அடித்தது, ராபியா இலந்தைவடை கொடுத்தாள் என்று எதையாவது சொல்லி உட்காருவாள். எனக்காகத் தேடிப் பிடித்துச் சொன்ன சந்தோஷம் அது. இப்போது தெரிகிறது.

யாருக்கு நன்றி என்ற கேள்விக்கு உன் பேரை அவள் ஒரு வாரங்கூடச் சொன்னதில்லை. படிக்கிறதை நிறுத்திவிடாதே, மேலே வாசி. மற்ற பிள்ளைகளெல்லாம் அம்மா, அப்பா என்று அடுக்குவார்கள். இவள் தண்ணீர் ஊற்றுகிற ஆயாளைச் சொல்லுவாள். வேல்சாமியைச் சொல்லுவாள். ஆனி மாதத்தில் ஒருநாள் நான் பொறுக்காமல், “ஏன் குழலு, உங்கம்மாவுக்கு நன்றி சொல்லவேண்டாமா?” என்று கேட்டேன். என்னை விநோதமாகப் பார்த்தாள். “எங்கம்மால்லா அத்தை? அவகிட்டப் போயி எதுக்குச் சொல்லணும்?” என்றாள். வகுப்பே சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. அப்படி ஒரு கேள்வியை நான் ஏன் கேட்டேன் என்பதே அவளுக்குப் புரியவில்லை.

அப்படியெல்லாம் சொல்லக்கூடாது, அமாவாசைக்குப் போகும்போது நீயும் சொல்லிவிட்டு வா என்றேன். அதனால்தான் உன் அடுப்படி வாசலில் இன்ஸ்பெக்டரம்மாள் முன்னால் நிற்கிற மாதிரி நின்றிருக்கிறாள். அது அவள் சொல் இல்லை குருவம்மா, பாடம்.

அவள் உன் பிள்ளையாகத்தான் இருந்தாள். ஒருநாளும் வேறாக இல்லை.

இத்தோடு முடித்திருக்கவேண்டும். ஆனால் நீ ஒளிக்கவேண்டாம் என்று எழுதியிருக்கிறாய். வாரந்தவறாமல் அவள் நன்றி சொன்ன ஒரு ஆள் உண்டு. தலை பின்னிவிட்டதற்கு, வெந்நீர் வைத்துக் கொடுத்ததற்கு, பயந்தபோது பக்கத்தில் வந்து படுத்துக்கொண்டதற்கு. “அத்தைக்கு நன்றி” என்று எழுந்து நின்று சொல்லுவாள். நான் எப்படிப் பூரித்துப்போவேன் தெரியுமா? வீட்டுக்கு வந்தும் அதையே நினைத்துக்கொண்டிருப்பேன். எனக்கென்று யார் இருக்கிறார்கள், இவள் இருக்கிறாள் என்று.

நேற்று உன் கடிதத்துக்குப் பதில் எழுத உட்கார்ந்தபோதுதான் எனக்கு உறைத்தது. நான் அவளுக்கு முன்கட்டு.

உலகம்மாள்


குற்றாலம்
புரட்டாசி 18

மதினிக்கு,

நீங்கள் எழுதினதை வாசித்தேன். உங்கள் தம்பியை வாசிக்கச் சொல்லி இன்னொரு தடவை கேட்டேன். அவர்கள் பாதியில் எழுந்து வெளியே போய்விட்டார்கள். இன்றைக்குக் கொஞ்சம் சோறு சாப்பிட்டேன்.

கடைசியில் நீங்கள் எழுதியிருக்கிறது சரியில்லை. பிதற்றல் வந்தபோது அவள் என்னைப் பிடித்துக்கொண்டு, “அத்த, தள்ளிப் படு, எனக்கு இடமில்ல” என்றாள். நான் தள்ளிப் படுத்தேன். நான்தான் அத்தை என்று அவள் நினைத்துக்கொள்ளட்டும் என்று பேசாமல் இருந்தேன். நன்றி சொல்லவேண்டிய ஆளிடம் யாரும் அப்படித் தள்ளிப் படு என்று சொல்லமாட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை வாருங்கள். நான் தனியாக இருக்கிறேன். வெள்ளிக்கிழமை மணியைக் கணக்குக்குக் கொடுக்கவேண்டாம், அந்தப் பிள்ளைகள் என்ன செய்யும்?

குழலுவின் பாவாடை சட்டை உங்கள் வீட்டில் ஏதாவது கிடக்கும். அமாவாசைக்கு வருகிற அவசரத்தில் அவிழ்த்துப் போட்டுவிட்டு வந்ததாகச் சொன்னாள். அதைத் துவைக்காமல் அப்படியே எடுத்துக்கொண்டு வாருங்கள். இங்கே இருந்ததையெல்லாம் சடங்குக்கென்று ஊர்ப் பெண்கள் ஆற்றில் அலசிவிட்டார்கள்.

துவைத்துவிட்டீர்களானால் அதைக் கடிதத்தில் எழுதவேண்டாம் மதினி. வந்து சொல்லுங்கள்.

குருவம்மாள்